பட்டணத்துத் தாளம் – 17: ‘ஐயா’ என்று தொடங்கும் கடிதம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். சைக்கிள் செயின், பித்தளை டவரா, ஓடாத கடிகாரம், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண ஆல்பம் எல்லாம் ஒரே தார்ப்பாயில் கிடக்கும். அதைப் போன்ற சந்தை இங்கிலாந்திலும் உண்டு. வீட்டில் தேங்கியதையெல்லாம் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, டிக்கியைத் திறந்து வைத்து விற்பார்கள். லிவர்பூலை ஒட்டிய பூட்டில் என்ற இடத்தில் கூடிய அப்படி ஒரு சந்தையில் ஒருவர் பழைய புத்தகம் ஒன்றை வாங்கினார். அதன் பக்கங்களுக்கு நடுவே மடித்த தாள் ஒன்று இருந்தது. கையால் எழுதிய கடிதம். தேதி 12 ஆகஸ்ட் 1960.

2011 நவம்பரில் அந்தத் தாள் லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. ஒன்பதாயிரம் பவுண்டு வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 34,850 பவுண்டுக்கு. அன்றைய கணக்கில் நம் பணம் 25 லட்சத்துக்கும் மேல்.

எழுதியவருக்கு அப்போது வயது 18. பெயர் பால் மெக்கார்ட்னி.

சென்ற இரண்டு வாரமும் பூந்தமல்லி கன்டோன்மென்ட் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். இந்த வாரம் திடீரென்று லிவர்பூலுக்கு ஏன் போகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்தக் கடிதம் ஒரு நாற்காலிக்கு ஆள் தேடி எழுதப்பட்டது. டிரம் வாசிப்பவர் உட்காரும் நாற்காலி. அதில் போய் உட்கார்ந்து இரண்டு வருஷம் வாசித்தவர் நம் மதராஸில் பிறந்தவர்.

முதலில் கடிதத்தைப் பார்த்துவிடுவோம். ‘அன்புள்ள ஐயா’ என்றுதான் தொடங்குகிறது. பெறுநரின் பெயர் இல்லை, ஏனென்றால் எழுதியவருக்கே அது தெரியாது. ‘லிவர்பூல் எக்கோ’ என்ற மாலைப் பத்திரிகையில் டிரம் வாசிக்கும் ஒருவர் தனக்கு வேலை வேண்டும் என்று பெயர் போடாமல் விளம்பரம் கொடுத்திருந்தார். அதற்குப் பதிலாக எழுதியது இது. உங்கள் விளம்பரத்தைப் பார்த்தோம், எங்கள் குழுவில் டிரம் இடம் காலியாக இருக்கிறது, வந்து வாசித்துக் காட்டலாம் என்கிறார் பால். ஆனால் சீக்கிரமே ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். இரண்டு மாத வேலை, செலவு கொடுக்கப்படும், வாரத்துக்கு ஏறக்குறைய 18 பவுண்டு. விருப்பமிருந்தால் ஸ்லேட்டர் தெருவில் உள்ள ஜகரண்டா கிளப்புக்குப் போன் செய்யவும். குழுவில் யாரையாவது கேட்கலாம், அல்லது ஆலன் வில்லியம்ஸைக் கேட்கலாம், யாரும் இல்லையென்றால் எப்போது வர முடியும் என்று சொல்லி வைக்கவும். இவ்வளவுதான் கடிதம்.

சின்னக் கடிதம்தான். ஆனால் ஒரு வரலாற்று மாணவனுக்கு இதில் எத்தனை தகவல்! கிளப்பின் போனைக் கொடுக்கிறார்கள் என்றால் குழு அந்தக் கிளப்பையே அலுவலகமாக வைத்துக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. ஆலன் வில்லியம்ஸ் அந்தக் கிளப்பின் சொந்தக்காரர். ஹாம்பர்க் வாய்ப்பைப் பிடித்துக் கொடுத்தவரும் அவரே. சம்பளத்தை ‘ஏறக்குறைய’ என்று சொல்வதிலிருந்து, பேச்சு இன்னும் ஜெர்மன் பணத்தில் இருந்தது, பையன்கள் மனக்கணக்காக பவுண்டுக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பது புரிகிறது. எல்லாவற்றையும்விடக் கையெழுத்து. தன் பெயரைப் போட்டு, ‘பீட்டில்ஸ்’ குழுவைச் சேர்ந்தவன் என்று குறிக்கிறார். அந்தப் பெயரே அப்போது புதுசு. சில வாரங்களுக்கு முன்புவரை ‘சில்வர் பீட்டில்ஸ்’ என்று இன்னொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள். பின்னால் உலகமே உச்சரிக்கப்போகிற ஒரு பெயரை ஒரு பையன் முன்பின் தெரியாத ஒருவருக்கு அறிமுகம் செய்கிறார். அது யாருக்கும் தெரிந்த பெயர் இல்லை என்பதால்தான் அவ்வளவு பணிவாக எழுதுகிறார்.

டிரம் வாசிக்க ஆள் கிடைக்காதது அந்தக் குழுவுக்கு நாள்பட்ட வியாதி. கிதார் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். டிரம் செட் அப்படி அல்ல. விலையும் அதிகம், தூக்கவும் ஆள் வேண்டும், வீட்டில் அடித்துப் பழக அக்கம்பக்கத்தார் பொறுக்க வேண்டும். கோலின் ஹான்டன் என்ற முதல் டிரம்மர் விலகியபின் மாதக்கணக்கில் டிரம் இல்லாமலே கச்சேரி செய்தார்கள். டிரம் எங்கே என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டால், தாளம் எங்கள் கிதாரிலேயே இருக்கிறது என்று சமாளிப்பார்களாம். 1960 மே மாதம் ஸ்காட்லாந்துச் சுற்றுப்பயணத்துக்கு டாமி மூர் என்பவர் வந்தார். பாட்டில் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். போன இடத்தில் வேன் மோதிப் பல் உடைந்தது. அதோடு மேடை ஏறி வாசித்தார். திரும்பி வந்ததும் பாட்டில் கம்பெனி வேலையே மேல் என்று போய்விட்டார். அடுத்து நார்மன் சாப்மன், படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். சில வாரம் வாசிப்பதற்குள் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்துவிட்டது.

இதைப் படிக்கும்போது எனக்கு அம்பத்தூர் ஞாபகம்தான் வருகிறது. எண்பதுகளில் எங்கள் பக்கம் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து வருகிற பையன்கள் லைட் மியூசிக் குழு நடத்தினோம். கீபோர்டு இருந்தது, பாட இரண்டு பேர் இருந்தார்கள், பாங்கோஸ் தட்ட ஒருவர் இருந்தார். டிரம் செட் மட்டும் கிடையாது. அயனாவரத்தில் ஓர் அண்ணன் சொந்தமாக செட் வைத்திருந்தார். அவர் வந்தால் கச்சேரி, வராவிட்டால் வெறும் பாட்டு. அவருக்கு 15 பைசா தபால் அட்டை எழுதிப் போடுவேன்: ‘அண்ணனுக்கு வணக்கம், வரும் ஞாயிறு மாலை ஆறு மணி, கோயில் திருவிழா, சாப்பாடு உண்டு, கட்டாயம் வரவும்.’ அவர் பாஸ் டிரம்மை மின்சார ரயிலில் வெண்டர் பெட்டியில், கீரைக் கூடைகளுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு வந்து இறங்குவார். இறங்கும்போதே எங்களில் நாலு பேர் ஓடிப்போய் ஆளுக்கொன்றாகத் தூக்குவோம். அதனால்தான் பால் மெக்கார்ட்னியின் கடிதத்தில் உள்ள அந்தத் தவிப்பு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

இனி மதராஸ்.

1941 நவம்பர் 24. அந்த நாற்காலியில் பின்னால் உட்கார்ந்த பீட் பெஸ்ட் மதராஸில் பிறந்த நாள் அது. தாய் மோனா டெல்லியில் பிறந்தவர். தந்தை டொனால்ட் ஸ்கான்லண்ட், கப்பல் பொறியாளர். குழந்தை பிறந்த இரண்டு வாரத்தில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது; போர் ஆசியாவில் விரிந்தது. 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த மாதம் மதராஸ் காலியானது. லட்சக்கணக்கான பேர் மூட்டை முடிச்சோடு வெளியூர் ரயில் ஏறினார்கள். உயர் நீதிமன்றம் கோவைக்குப் போனது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் மேற்குப் பக்கத்தில் ஆவடியின் வயல்வெளிகளில் ராணுவக் கிடங்குகள் எழும்பியதும் இந்தப் போர்க்காலத்தில்தான். இன்று ஆவடியில் மூலைக்கு மூலை நாம் பார்க்கிற ராணுவ வேலிகளின் ஆரம்பம் அது.

அந்தப் போரில் டொனால்ட் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற மோனா செஞ்சிலுவைச் சங்கப் பணியில் இருந்தார். ராணுவத்தில் உடற்பயிற்சி அளித்துவந்த ஜானி பெஸ்ட் என்ற லிவர்பூல்காரரைச் சந்தித்தார். ஜானியின் குடும்பம் லிவர்பூலில் குத்துச்சண்டைப் போட்டிகள் நடத்திய பேர்போன குடும்பம். 1944 மார்ச்சில் பம்பாய் புனித தாமஸ் பேராலயத்தில் கல்யாணம். அப்படித்தான் ஸ்கான்லண்ட் வீட்டுக் குழந்தை பெஸ்ட் ஆனது. 1945 கடைசியில், பர்மாப் போரிலிருந்து திரும்பும் வீரர்களை ஏற்றிக்கொண்டு ‘ஜார்ஜிக்’ என்ற கப்பல் பம்பாயிலிருந்து புறப்பட்டது. அதில் இந்தக் குடும்பமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று கப்பல் லிவர்பூல் துறைமுகத்தை அடைந்தது. பீட்டுக்கு வயது நாலு.

அதுவரை அந்தப் பிள்ளை கண்டதெல்லாம் இந்தியா. மோனாவோ இந்தியாவைத் தவிர வேறு வீடு அறியாதவர். குளிர்காலத்து லிவர்பூலில், குண்டுவீச்சில் இடிந்து கிடந்த தெருக்களுக்கு நடுவே, இருபத்தொரு வயதுப் பெண்ணொருத்தி ஒரு வாழ்க்கையைப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனுஷி அவர்தான்.

1954 டெர்பி குதிரைப் பந்தயத்தில் ‘நெவர் சே டை’ என்ற குதிரை ஓடியது. ஒன்றுக்கு முப்பத்து மூன்று கொடுக்கிற குதிரை, அதாவது யாரும் நம்பாத குதிரை. மோனா தன் நகைகளை அடகு வைத்து அதன்மேல் கட்டினார் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் கதை. குதிரை ஜெயித்தது. ஏறியவர் லெஸ்டர் பிகட், பதினெட்டு வயதுப் பையன். அந்தப் பணம்தான் வெஸ்ட் டெர்பி பகுதியில் ஹேமன்ஸ் கிரீன் 8-ஆம் எண் வீட்டை வாங்க உதவியது. பதினைந்து அறைகள், சுற்றிலும் தோட்டம், கீழே நிலவறை. நகையை அடகு வைத்து வீடு கட்டிய அம்மாக்கள் நம் கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் தெருவுக்கு நாலு பேர் உண்டு. குதிரையை நம்பி வைத்தவர் மோனா ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

அந்த நிலவறையில்தான் எல்லாம் நடந்தது. பீட்டும் அவர் நண்பர்களும் உட்கார்ந்து பாட்டுக் கேட்க இடம் தேடினார்கள். மோனா நிலவறையையே பிள்ளைகளுக்கான காபி கிளப்பாக மாற்றினார். ‘காஸ்பா’ என்று பெயர் வைத்தார். மது கிடையாது, காபி, குளிர்பானம், கொறிக்க ஏதாவது. திறப்பு விழாவுக்குப் பேசி வைத்திருந்த குழு கடைசி நேரத்தில் உடைந்துபோக, அதில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் தன் பழைய கூட்டாளிகளான ஜான் லென்னனையும் பால் மெக்கார்ட்னியையும் அழைத்து வந்தார். மோனா கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார். வாசிக்க வந்த பிள்ளைகள் முதலில் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள். கண் பார்வை மங்கலான ஜான், கண்ணாடியும் போடாமல், தப்பான பெயிண்ட் டப்பாவை எடுத்து அடித்துவிட, அது காயவே நாளானது என்று சொல்வார்கள். அவர்கள் அடித்த வண்ணக் கோடுகளும் நட்சத்திரங்களும் அந்தக் கூரையில் இன்றும் இருக்கின்றன. இங்கிலாந்து அரசு 2006-இல் அந்த நிலவறையைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது.

1959 ஆகஸ்ட் 29 அன்று காஸ்பா திறந்தது. நாலு கிதார், டிரம் இல்லை. அப்போது குழுவின் பெயர் குவாரிமென். சனிக்கிழமைதோறும் ஆளுக்குப் பதினைந்து ஷில்லிங். ஒரு வாரம் நாலாவது கிதார்காரர் கென் பிரவுனுக்கு உடம்பு சரியில்லை, மேடை ஏறவில்லை. இருந்தும் மோனா அவர் பங்கைக் கையில் கொடுத்தார். வாசிக்காதவனுக்கு எதற்குப் பணம் என்று மற்ற மூவரும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். பதினைந்து ஷில்லிங்குக்கு உடைந்த உறவு அது. மோனா செய்தது நியாயம் என்பது என் கட்சி.

அவர்கள் போன இடத்தை நிரப்ப பீட்டே ஒரு குழு தொடங்கினார். பெயர் பிளாக் ஜாக்ஸ். மோனா மகனுக்குப் புத்தம்புது டிரம் செட் வாங்கிக் கொடுத்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சொந்த செட் வைத்திருக்கும் பதினெட்டு வயதுப் பையன்.

1960 ஆகஸ்ட் தொடக்கத்தில், கையில் கச்சேரி இல்லாத ஒரு சனிக்கிழமை, பால் முதலானவர்கள் பழைய கோபத்தை மறந்து காஸ்பாவுக்கு வந்தார்கள். பீட் டிரம்மில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் ஹாம்பர்க் வாய்ப்பு உறுதியானது. ஒரு பக்கம் பால் பெயர் தெரியாத விளம்பரதாரருக்கு ‘அன்புள்ள ஐயா’ எழுதினார். இன்னொரு பக்கம் பீட்டுக்கு அழைப்பு போனது. பீட் வாசித்துக் காட்டிக் குழுவில் சேர்ந்த நாளாகச் சொல்லப்படுவதும் அதே ஆகஸ்ட் 12. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போக வேண்டிய பையன், அதை விட்டுவிட்டு வேனில் ஏறினார். நாலே நாள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, வேன் கிளம்பியது.

போகும் வழியில் ஹாலந்தில் ஆர்னம் போர்க்களத்து நினைவிடத்தில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. பால், ஜார்ஜ், குழுவில் அப்போது இருந்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப், வேனில் கூட வந்தவர்கள் எல்லோரும் நினைவுக் கல்லின் ஓரம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜான் இல்லை, வேனை விட்டு இறங்க மறுத்துவிட்டார். பீட் இருக்கிறார். போரில் தகப்பனை இழந்த பிள்ளை போர் நினைவிடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஹாம்பர்க் கதை எல்லா பீட்டில்ஸ் புத்தகத்திலும் விரிவாக இருக்கிறது. இங்கே தாளத்தை மட்டும் சொல்கிறேன். ராத்திரி முழுக்க, மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும். கிளப்புக்காரர் மேடைக்குக் கீழே நின்று ஆட்டம் காட்டு, ஆட்டம் காட்டு என்று ஜெர்மனில் கத்துவார். குடித்துவிட்டு வரும் மாலுமிகளின் காதில் விழ வேண்டும். நாலு தட்டு உள்ள தாளத்தில் பாஸ் டிரம்மை ஒன்றிலும் மூன்றிலும் மிதிப்பதுதான் பொது வழக்கம். பீட் நாலிலும் மிதித்தார். இடைவெளியே விடாமல் தும் தும் தும் தும் என்று தரை அதிரும். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது தவில்காரர் நுணுக்கம் பார்ப்பதில்லை. நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும் என்பதே கணக்கு. அதே கணக்குதான் இது. டிசம்பரில் லிவர்பூல் திரும்பி, அந்த மாதம் 27-ஆம் தேதி லிதர்லண்ட் டவுன் ஹாலில் வாசித்தபோது கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது. அந்த ஊரில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தின் அடித்தளம் பீட்டின் வலது கால்.

திரும்பி வந்த குழுவுக்கு மேனேஜர் கிடையாது. கச்சேரிகளைப் பேசி முடித்தது பீட்டும் மோனாவும்தான். ஹேமன்ஸ் கிரீன் வீட்டுப் போன்தான் ஆபீஸ் போன். வேன் ஓட்டியவர் நீல் ஆஸ்பினால், அதே வீட்டில் குடியிருந்த பீட்டின் நண்பர், கணக்கர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். பிற்காலத்தில் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்தை பல பத்தாண்டுகள் நடத்தியவர் அவரே. 1961 கடைசியில் பிரையன் எப்ஸ்டீன் வந்து பொறுப்பேற்கும்வரை, உலகப் புகழ் பெறப்போகும் ஒரு குழுவின் தலைமையகம் டெல்லியில் பிறந்த ஒரு தாயின் வீட்டுக் கூடமாக இருந்தது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. 1962 ஜூன் 6 அன்று ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் ஒத்திகைப் பதிவு. பதிவுத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம் வாசிப்பு திருப்தி தரவில்லை. பதிவுக்கு மட்டும் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார். 1962 ஆகஸ்ட் 16, அதாவது ஹாம்பர்க் வேன் கிளம்பி சரியாக இரண்டு வருஷம் நிறைந்த நாள், எப்ஸ்டீன் பீட்டைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, நீ குழுவில் இல்லை என்று சொன்னார். கூட வாசித்த மூவரில் ஒருவரும் நேரில் வந்து சொல்லவில்லை. இரண்டு நாளில் ரிங்கோ ஸ்டார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ரசிகர்கள் பீட்டின் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். கைகலப்பில் ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கண் கறுத்தது.

பீட்டுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் எடுத்துவிட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் அடுத்த மாதத்தையும் பார்க்க வேண்டும். செப்டம்பர் 4 அன்று ரிங்கோ வாசித்த பதிவும் ஜார்ஜ் மார்ட்டினுக்குப் பிடிக்கவில்லை. செப்டம்பர் 11 அன்று ஆண்டி ஒயிட் என்ற ஸ்டுடியோக் கலைஞரை வரவழைத்தார்கள். ‘லவ் மீ டூ’ பாட்டின் அந்தப் பதிவில் ரிங்கோ கையில் இருந்தது டாம்பரின் மட்டும். ரிங்கோ மகா கலைஞர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மேடைத் தாளம் வேறு, ஸ்டுடியோத் தாளம் வேறு. மேடையில் இரண்டு வருஷம் குழுவைத் தாங்கியவருக்கு, ஸ்டுடியோவைப் பழகிக்கொள்ள நாலு மாதம்கூடக் கொடுக்கவில்லை.

பீட் பிறகு தன் பெயரில் குழு நடத்திப் பார்த்தார், நிலைக்கவில்லை. ரொட்டித் தொழிற்சாலையில் லாரிக்கு ரொட்டி ஏற்றினார். பிறகு அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து இருபது வருஷம் வேலை பார்த்தார். வேலை போனவர்களுக்கு வேலை தேடித் தருகிற வேலை. 1988-இல் மோனா காலமானார். அதே வருஷம் பீட் மறுபடி மேடை ஏறினார். 1995-இல் ‘ஆந்தாலஜி’ முதல் தொகுப்பு வந்தபோது, அவர் வாசித்த பழைய பதிவுகள் பத்து அதில் இடம்பெற்றன. உரிய பணம் முப்பத்து மூன்று வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. ஆனால் அந்தத் தொகுப்பின் அட்டையில் ஒரு பழைய குழுப் படத்தில் பீட்டின் முகம் இருந்த இடம் மட்டும் கிழிக்கப்பட்டு, அங்கே ரிங்கோவின் முகம் வைக்கப்பட்டிருந்தது. 2008-இல் பீட் ஓர் ஆல்பம் வெளியிட்டார். பெயர் ‘ஹேமன்ஸ் கிரீன்’, அம்மாவின் வீட்டுத் தெரு. அட்டையில் அந்தக் கிழிந்த துண்டு, அதில் இளம் வயது பீட்டின் முகம். அவர் பதில் சொன்ன விதம் இது. 2025-இல், எண்பத்து மூன்று வயதில், மேடையிலிருந்து ஓய்வு பெற்றார்.

கடிதத்துக்குத் திரும்புவோம். புகழ் வந்தபின் எழுதுகிற சுயசரிதையில் எல்லாம் முன்பே தெரிந்ததுபோல ஒரு தொனி வந்துவிடும். அன்றன்று எழுதிய கடிதத்தில் அது இருக்காது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 1962-இல் தன் அத்தைக்கு எழுதிய கடிதம் ஒன்று 2010-இல் வந்த அவர் தன்வரலாற்று நூலில் இருக்கிறது. டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில், கையில் இசைத்தட்டோடு தான் நின்றுகொண்டிருந்தபோது பழைய பள்ளித் தோழன் மிக் ஜாகரைச் சந்தித்ததை அதில் உற்சாகமாகச் சொல்கிறார். எழுதியவருக்கு அது அத்தைக்குச் சொல்லும் வீட்டுச் செய்தி. நமக்கு அது ஒரு குழு பிறந்த கதையின் முதல் சாட்சி. பாலின் கடிதமும் அப்படித்தான். பீட் கிடைக்காமல் அந்த விளம்பரக்காரர் போன் செய்து வந்திருந்தால் என்று யோசிக்க வைக்கிற ஒரே ஆவணம் அது. அது ஒரு புத்தகத்துக்குள் ஐம்பது வருஷம் தப்பிப் பிழைத்திருந்தது தற்செயல்.

நம் பக்கத்தில் அப்படிப் பிழைத்தவை எத்தனை? பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம், ஆவடி என்று ரயில் பாதையோடு குடியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிதார் இல்லாத வீடு குறைவு. ஐ.சி.எஃப். குடியிருப்பு, ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பு, அம்பத்தூர் எஸ்டேட் என்று எங்கும் லைட் மியூசிக் குழுக்கள் இருந்தன. அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட தபால் அட்டைகளும், வாத்திய வாடகைச் சீட்டுகளும், பாட்டு வரிசை எழுதிய நோட்டுகளும் பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்குக் கிலோக் கணக்கில் போய்விட்டன. அயனாவரம் அண்ணன் எனக்கு எழுதிய அட்டைகளில் ஒன்றே ஒன்று என் டிரங்குப் பெட்டியில் தங்கியிருக்கிறது. நீல மை, ஓரத்தில் எண்ணெய்க் கறை. ‘தம்பி, வருகிறேன். செட்டைத் தூக்க ஆள் அனுப்பவும்’ என்று இரண்டே வரி. தபால் முத்திரையில் தேதி அழிந்துவிட்டது. வந்த அன்றே நான் பின்பக்கம் தேதி குறித்து வைத்திருக்கலாம். அந்தப் புத்தி அப்போது இல்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் இருக்கும் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். குழு நடத்திய மாமாவின், டிரம் வாசித்த தாத்தாவின், மேடையில் பாடிய அத்தையின் கடிதமோ நோட்டீஸோ புகைப்படமோ கிடைத்தால், பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயரும் ஊரும் தெரிந்தவரை வருஷமும் எழுதுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், அது தாளைக் கெடுக்கும். செல்லோடேப் ஒட்டாதீர்கள். வெயில் படாத இடத்தில் காகித உறையில் தட்டையாக வையுங்கள். வீட்டில் வைக்க இடமில்லை என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெட்டிக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருந்தால், முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இதை யாருக்கு எழுதினீர்கள் என்று கேளுங்கள்.